62 மாணவர், 16 குழு: ப்ராஜெக்ட் பேட்ச்சை நியாயமாகப் பிரிக்கும் முறை

"நீங்களே நாலு நாலு பேரா சேர்ந்துக்கோங்க" என்று இறுதியாண்டு வகுப்பில் சொல்லிவிட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். 9-க்கு மேல் சிஜிபிஏ (10-க்குக் கணக்கிடும் ஒட்டுமொத்த மதிப்பெண் சராசரி) வைத்திருக்கும் நால்வர் ஒரு பேட்ச். ஹாஸ்டலில் ஒரே அறையில் இருப்பவர்கள் இன்னொரு பேட்ச். கடைசியில் யாரும் கூப்பிடாத ஆறேழு பேர் மிஞ்சுவார்கள்: லேட்டரல் என்ட்ரியில் (டிப்ளமோ முடித்து நேரே இரண்டாம் ஆண்டில்) வந்தவர், அரியர் வைத்திருப்பவர், யாரோடும் அதிகம் பேசாதவர். அவர்களை ஒன்றாகக் கட்டி ஒரு பேட்ச் என்று எழுதிக்கொள்வார்கள். முதல் ரிவ்யூ (ப்ராஜெக்ட் மதிப்பீடு) வருமுன்பே எந்த பேட்ச் தேறும், எது தேறாது என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

பதிவு எண் வரிசைப்படி நான்கு நான்காக வெட்டினால் பாரபட்சம் இராது என்று நினைப்பவர்கள் உண்டு. பெயர்ப் பட்டியல் ஆங்கில அகரவரிசையில் இருப்பதால் சதீஷ், சரவணன், செந்தில், சுரேஷ் எல்லாம் மூன்று ஆண்டுகளாக ஒரே லேப் பேட்ச்சில்தான் இருந்திருப்பார்கள். லேட்டரல் என்ட்ரி மாணவர்கள் பட்டியலின் கடைசியில் வருவதால், டிப்ளமோ முடித்து வந்தவர்கள் மொத்தமாகக் கடைசி இரண்டு குழுக்களில் போய் விழுவார்கள். யாரும் திட்டமிடாமலே பாரபட்சம் வந்துவிடுகிறது.

இதற்கு மாற்றாகச் செய்யக்கூடிய முறைகளை எளியதிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். எடுத்துக்காட்டு முழுவதற்கும் ஒரே வகுப்பு: 62 மாணவர்கள், அதில் 18 பெண்கள், குழுவுக்கு 4 பேர், 8 கைடுகள் (வழிகாட்டும் ஆசிரியர்கள்).

எத்தனை குழு?

62-ஐ 4-ஆல் வகுத்தால் 15.5. மேல்நோக்கி முழுமையாக்கி 16 குழு என்று வையுங்கள். 16 × 4 = 64; இரண்டு பேர் குறைவதால் 14 குழுவில் நால்வர், 2 குழுவில் மூவர். கீழ்நோக்கி 15 என்று வைத்தால் இரண்டு குழுவில் ஐவர் வருவார்கள். மூவர் குழுவே மேல். ஐந்தாவது ஆளுக்குப் பெரும்பாலும் வேலை இருக்காது, அறிக்கையில் பெயர் மட்டும் இருக்கும். மூவர் குழுவுக்குத் தலைப்பின் அளவைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் போதும். அதோடு, தாமதமாக வந்து சேரும் மாணவருக்கு இடமும் அங்கேதான்.

எதை நியாயம் என்கிறீர்கள்?

நிரல் எழுதும் முன் முடிவு செய்ய வேண்டியது இது. இங்கே மூன்று வெவ்வேறு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு என்பது ஒன்று. அதற்குக் குலுக்கல் போதும். எல்லாக் குழுவும் ஏறக்குறைய ஒரே பலம் என்பது இரண்டாவது. அதற்கு மதிப்பெண்ணும் திறனும் பார்த்துப் பிரிக்க வேண்டும். விரும்பியது கிடைக்க வேண்டும் என்பது மூன்றாவது. அதற்கு விருப்ப வரிசை வாங்க வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று மோதும். விருப்பத்துக்கு விட்டால் பலசாலிகள் ஒன்றுசேர்வார்கள். பலத்தைச் சமமாக்கினால் நண்பர்கள் பிரிவார்கள்.

எது முதலில் என்பது ப்ராஜெக்ட்டின் நோக்கத்தைப் பொறுத்தது. மதிப்பெண் குழுவுக்கு மொத்தமாகப் போடப்படுகிறது என்றால் பலச் சமன்தான் முதலில் வர வேண்டும். இரண்டு வார மினி ப்ராஜெக்ட் என்றால் குலுக்கல் போதும், அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

படிவத்தில் என்ன கேட்பது

கூகுள் ஃபார்ம் ஒன்று போதும். நிரப்ப ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது.

சிஜிபிஏவை மாணவரிடம் கேட்காதீர்கள், அலுவலகப் பட்டியலிலிருந்து எடுங்கள். திறனைக் கேட்கும்போது "உங்களுக்கு ப்ரோகிராமிங் எவ்வளவு தெரியும்?" என்று கேட்டால் எல்லோரும் நடுவில் உள்ள எண்ணைத்தான் போடுவார்கள். செய்ததைக் கேளுங்கள்: 0 என்றால் செய்ததே இல்லை; 1 என்றால் லேபில் கொடுத்ததைச் செய்திருக்கிறேன்; 2 என்றால் சொந்தமாக ஒன்று செய்து ஓடவைத்திருக்கிறேன்; 3 என்றால் பிறருக்குச் சொல்லித்தருவேன். ப்ரோகிராமிங், சர்க்யூட் அல்லது வொர்க்‌ஷாப் வேலை, அறிக்கை எழுதுதல், மேடையில் பேசுதல் என்று நான்கு வரி போதும். சிஜிபிஏ குறைவாக இருக்கும் டிப்ளமோ மாணவர் சால்டரிங்கில் 3 போடுவார். அதைப் பதிவு செய்யாவிட்டால் கணினி அவரைப் பலவீனமானவர் என்றே எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது நேரம். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், குழுக்கள் உடைவதும் பெரும்பாலும் இதனால்தான். காலேஜ் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும் டே ஸ்காலருக்கு மாலை 4.30-க்கு மேல் வளாகத்தில் வேலை இல்லை. ஹாஸ்டல்காரருக்கு இரவு 8 மணிக்குத்தான் தொடங்கும். வாரத்தில் 12 நேரக் கட்டங்கள் கொடுத்து, வரக்கூடியதை டிக் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் 12-இல் ஏதோ 6 கட்டத்தைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்தால், குலுக்கலில் சேர்ந்த நால்வருக்கும் பொதுவாக அமையும் கட்டம் சராசரியாக 12 × ½ × ½ × ½ × ½ = 0.75. ஒன்றுகூட இல்லை. "டீம்ல யாருமே மீட்டிங்குக்கு வர்றதில்ல சார்" என்ற புகாரின் கணக்கு இதுதான்.

தலைப்பு விருப்பம் 5 வரை, வரிசையோடு. கடைசியில் இரண்டு ரகசியக் கேள்விகள்: சேர்ந்து வேலை செய்ய விரும்பும் ஒருவர், எந்த நிலையிலும் சேர முடியாத ஒருவர். இரண்டாவதற்குக் காரணம் கேட்காதீர்கள். ஒரு பெயருக்கு மேல் அனுமதிக்கவும் வேண்டாம். சாதி, மதம், ஊர், கட்டண நிலை எதுவும் படிவத்தில் இருக்கக்கூடாது. சேகரிக்காத தரவை யாரும் தவறாகப் பயன்படுத்த முடியாது.

குலுக்கலை ஒழுங்காகப் போடுவது

பொறியியல் கவுன்சலிங்கில் எல்லா மதிப்பெண்ணும் சமமாகிவிட்டால் கடைசியில் சமவாய்ப்பு எண்தான் (ரேண்டம் நம்பர்) முன்பின் தீர்மானிக்கிறது. அந்த எண் தரவரிசைக்கு முன்பே வெளியாகிவிடுவதால் யாரும் பின்னால் கை வைக்க முடியாது. உங்கள் குலுக்கலுக்கும் அதே ஒழுங்கு வேண்டும்.

எக்செலில் பெயருக்குப் பக்கத்து நெடுவரிசையில், குலுக்கல் எண் தரும் ரேண்ட் சூத்திரம் போட்டு அதன்படி அடுக்கலாம். ஆனால் தாளில் எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் ரேண்ட் எண்கள் புதிதாக மாறிவிடும். அடுக்குவதற்கு முன் அந்த நெடுவரிசையை நகலெடுத்து, மதிப்பு மட்டும் ஒட்டும் முறையில் அதே இடத்தில் ஒட்டிவிடுங்கள். இதை மறந்தால், காலையில் அறிவித்த பட்டியலை மாலையில் உங்களாலேயே மறுபடி காட்ட முடியாது.

பைத்தானில் என்றால் முதலில் பட்டியலைப் பதிவு எண் வரிசையில் அடுக்கி, தொடக்க எண்ணை (சீடு என்பார்கள்) கொடுத்து, பிறகு ஷஃபிள் செய்யுங்கள் (கலைத்துப் போடுங்கள்). அதே பட்டியல், அதே தொடக்க எண், அதே நிரல் என்றால் யார் ஓட்டினாலும் அதே விடை வரும். தொடக்க எண்ணை நீங்கள் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது. "வரும் வெள்ளிக்கிழமை சென்செக்ஸ் முடியும் எண், புள்ளியை நீக்கி" என்று திங்கட்கிழமையே எழுதி ஒட்டிவிட்டால், பிடித்த விடை வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. உண்மையில் குலுக்கலில் நடக்கும் பெரிய மோசடி அதுதான், அதுவும் நல்லெண்ணத்தோடே நடக்கும்: "இந்த பேட்ச் சரியில்லையே, இன்னொரு தடவை போடலாம்." இரண்டாவது முறை போட்ட உடனே அது குலுக்கல் இல்லை, உங்கள் தேர்வு. ஏதோ ஒன்று சரியில்லை என்று படுகிறதென்றால், அந்த ஒன்றை முன்கூட்டியே விதியாக எழுதியிருக்க வேண்டும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் உள்ள குடவோலை முறையும் இந்த வரிசையில்தான் போகிறது. யார் தகுதியுள்ளவர், யார் இல்லை என்ற விதிகள் முதலில். பிறகு சபையின் நடுவே, விவரமறியாத சிறுவன் கையால் ஓலை எடுப்பது. வடிகட்டல் முன்னே, குலுக்கல் பின்னே, எல்லோர் கண்ணுக்கும் எதிரே.

பாம்பு வரிசை

பலச் சமனுக்கு மிக எளிய முறை. சிஜிபிஏ இறங்குவரிசையில் 62 பேரையும் அடுக்குங்கள். முதல் 16 பேரைக் குழு 1-இலிருந்து 16 வரை ஒவ்வொருவராகப் போடுங்கள். அடுத்த 16 பேரை 16-இலிருந்து 1-க்குத் திரும்பி வாருங்கள். மூன்றாம் சுற்று மறுபடி 1-இலிருந்து 16. நான்காம் சுற்று 16-இலிருந்து இறங்கி வரும்போது 14 பேர்தான் மிச்சம் என்பதால் குழு 3-உடன் நின்றுவிடும். குழு 1-உம் 2-உம் மூவர் குழுவாக அமையும். வகுப்பின் முதல் இரண்டு இடத்துக்காரர்கள் இருக்கும் குழுக்கள் அவை என்பதால் அது பொருத்தமும்கூட.

குழு 16-இல் 16, 17, 48, 49-ஆம் இடத்தவர் இருப்பார்கள்; கூட்டினால் 130. குழு 3-இல் 3, 30, 35, 62, அதுவும் 130. நால்வர் குழு எல்லாவற்றுக்கும் இதே கூட்டுத்தொகை வரும். திரும்பி வராமல் ஒவ்வொரு சுற்றையும் குழு 1-இலேயே தொடங்கினால் குழு 1-க்கு 1, 17, 33, 49 சேர்ந்து 100. குழு 14-க்கு 14, 30, 46, 62 சேர்ந்து 152. சீட்டு விளையாட்டில் போல நேராகப் பங்கிட்டுக்கொண்டே போகும் பழக்கத்தால் வரும் பிழை இது.

பாம்பு வரிசைக்கு ஒரு குறை உண்டு. அது ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்கும். நால்வரில் ஒருவருக்கும் ப்ரோகிராம் எழுதத் தெரியாது என்பதோ, மூன்று ஆண்களுக்கு நடுவில் ஒரு பெண் தனியாக மாட்டிக்கொண்டார் என்பதோ அதற்குத் தெரியாது. 18 பெண்கள் உள்ள இந்த வகுப்பில் பால் பாராமல் நால்வரை எடுத்தால் சரியாக ஒரே பெண் வரும் வாய்ப்பு சுமார் 43 விழுக்காடு. 14 நால்வர் குழுவில் ஆறு குழுவில் அப்படி நடக்கும். சராசரியும் ஏமாற்றும்: 9.2, 9.0, 5.6, 5.5 வாங்கிய நால்வரின் சராசரி 7.3. தாளில் சமன், நடப்பில் இருவர் வேலை செய்ய, இருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தண்டனைப் புள்ளியும் இடமாற்றமும்

பல விதிகளை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்றால் இந்த முறைக்குத்தான் வர வேண்டும். எல்லா வழியையும் சோதித்துப் பார்ப்பது நடக்காத காரியம். 60 பேரை நால்வராக 15 குழுவாகப் பிரிக்கும் வழிகளின் எண்ணிக்கையே 1-க்குப் பின் 49 சுழியங்கள் அளவுக்கு வரும். ஆகவே, ஒரு பிரிப்பு எவ்வளவு மோசம் என்று எண்ணால் சொல்லும் அளவுகோல் ஒன்று செய்துகொண்டு, அந்த எண்ணைப் படிப்படியாகக் குறைக்கிறோம்.

ஒவ்வொரு குழுவுக்கும் தண்டனைப் புள்ளி:

- சேர முடியாது என்று எழுதிய இருவர் ஒரே குழுவில்: 1000
- குழுவில் ஒரே ஒரு பெண்: 25
- வாரத்தில் பொது நேரம் 3 கட்டத்துக்குக் குறைவு: குறையும் ஒவ்வொரு கட்டத்துக்கும் 10
- நான்கு திறன்களில் ஏதாவது ஒன்றில் 2 அல்லது 3 போட்டவர் ஒருவரும் இல்லை: ஒவ்வொன்றுக்கும் 15
- குழுச் சராசரி வகுப்புச் சராசரியிலிருந்து 0.2-க்கு மேல் விலகல்: கூடும் ஒவ்வொரு 0.1-க்கும் 4
- குழுவில் மிக அதிக, மிகக் குறைந்த சிஜிபிஏ இடைவெளி 3-க்கு மேல்: 10

வகுப்புச் சராசரி 7.4 என்று கொள்வோம். ஒரு குழுவின் சராசரி 7.9, பொது நேரம் ஒரே கட்டம், திறன்கள் நான்கும் உண்டு, இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள், சிஜிபிஏ இடைவெளி 2. விலகல் 0.5, அதில் 0.2 கழித்தால் 0.3, ஆகவே 12 புள்ளி. நேரத்தில் இரண்டு கட்டம் குறைவு, 20 புள்ளி. மொத்தம் 32.

இந்த எண்கள் வேதவாக்கு இல்லை. அவை உங்கள் துறையின் முன்னுரிமைகள், அவ்வளவுதான். தனியே ஒரு பெண் என்பது ஒரு கட்ட நேரக் குறைவைவிட இரண்டரை மடங்கு மோசம் என்று மேலே உள்ள பட்டியல் சொல்கிறது. ஒத்துக்கொள்ளவில்லையா, மாற்றுங்கள், ஆனால் பெயர்களைப் பார்க்கும் முன் மாற்றுங்கள். விடை வந்த பின் எடையை மாற்றுவது குலுக்கலை இரண்டாம் முறை போடுவதற்குச் சமம்.

இனி இடமாற்றம்:

1. பாம்பு வரிசையில் கிடைத்த பிரிப்பிலிருந்து தொடங்குங்கள்.
2. வெவ்வேறு குழுவில் உள்ள இருவரைத் தேர்ந்தெடுத்து இடம் மாற்றுங்கள்.
3. அந்த இரு குழுவின் புள்ளியை மட்டும் மறுபடி கணக்கிடுங்கள். மற்ற 14 குழுவும் மாறவில்லை.
4. மொத்தம் குறைந்தால் மாற்றத்தை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பழையபடி வையுங்கள்.
5. எந்த இடமாற்றமும் பலன் தராத நிலை வரும்வரை தொடருங்கள்.

62 பேரில் இருவரைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 1891. ஒரே குழுவுக்குள் இருக்கும் 90 சோடிகளைக் கழித்தால் 1801. இந்த 1801-உம் பலனற்றவை என்று தெரிந்தால்தான் நிறுத்தலாம். சாதாரண மடிக்கணினியில் இதற்கு நேரமே ஆகாது.

ஆனால் அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. எந்தத் தனி இடமாற்றமும் உதவாது, மூவரைச் சுற்றி மாற்றினால் உதவும் என்ற நிலையில் தேடல் சிக்கிக்கொள்ளும். எளிய வழி, வெவ்வேறு குலுக்கல் தொடக்கத்திலிருந்து 20 முறை ஓட்டி மிகக் குறைந்த புள்ளியை எடுப்பது. தொடக்க எண்கள் பதிவில் இருக்க வேண்டும். இன்னொரு வழி சிமுலேட்டட் அனீலிங். கிர்க்பாட்ரிக், ஜெலாட், வெக்கி ஆகிய மூவர் 1983-இல் வெளியிட்ட இந்த முறையில், தொடக்கத்தில் மோசமாக்கும் மாற்றங்களையும் சில நேரம் ஏற்றுக்கொள்வோம். காய்ச்சிய உலோகத்தை மெல்ல ஆறவிடுவது போல, "வெப்பம்" என்ற எண்ணை 20-இல் தொடங்கி ஒவ்வொரு 100 மாற்றத்துக்கும் 0.98-ஆல் பெருக்கி 0.5 வரை இறக்குங்கள். சுமார் 18,000 மாற்றங்களில் முடியும். புள்ளி எவ்வளவு கூடுகிறதோ அதை வெப்பத்தால் வகுத்து, அதன் எதிர்மறையை e-யின் (சுமார் 2.718) அடுக்காகப் போட்டால் ஏற்கும் வாய்ப்பு கிடைக்கும். வெப்பம் 20-ஆக இருக்கும்போது 10 புள்ளி மோசமாகும் மாற்றம் 100-க்கு 61 முறை ஏற்கப்படும். 2-க்கு இறங்கிய பின் 1000-க்கு ஏழு முறைதான்.

மொத்தத்தைப் பார்த்து மயங்காதீர்கள். 16 குழுவுக்கும் தலா 10 புள்ளி என்றால் மொத்தம் 160. 15 குழுவுக்குத் தலா 4, ஒரே குழுவுக்கு 100 என்றாலும் மொத்தம் 160. கணினிக்கு இரண்டும் ஒன்று. இரண்டாவது பிரிப்பில் ஒரு குழுவின் தலையில் எல்லாச் சுமையும் ஏறியிருக்கிறது; முன்பு யாரும் கூப்பிடாத அந்த ஆறேழு பேர் குழு இப்போது கணக்கின் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. இதைத் தடுக்க ஒவ்வொரு குழுவின் புள்ளியையும் வர்க்கமாக்கி (அதையே அதனால் பெருக்கி) கூட்டுங்கள். அப்போது முதல் பிரிப்பு 1,600, இரண்டாவது 10,240. முடிவில் எந்தப் பிரிப்பை ஏற்பது என்று பார்க்கும்போதும் முதலில் மிக மோசமான குழுவின் புள்ளியைப் பாருங்கள், பிறகு மொத்தத்தை.

நிரல் எழுதத் தெரியாதவர்கள் எக்செலிலேயே குழுவாரியாகப் புள்ளி வரும்படி சூத்திரம் போட்டு, மோசமான குழுவிலிருந்து ஒருவரை எடுத்துக் கையால் மாற்றிப் பார்க்கலாம். முப்பது, நாற்பது மாற்றத்தில் பெரிய குறைகள் தீர்ந்துவிடும். அதே வகுப்பு மாணவரை நிரல் எழுதச் சொல்வதென்றால் பெயரையும் பதிவு எண்ணையும் நீக்கிவிட்டுக் கொடுங்கள். ரகசியக் கேள்விகளின் விடையை அவர் எந்த வடிவிலும் பார்க்கக்கூடாது.

தலைப்பு யாருக்கு எது

குழு அமைந்த பின் தலைப்பு. "முதலில் வந்தவருக்கு முதலில்" என்று விட்டால் இணைய வேகம் உள்ளவர் வெல்வார். வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போவதில் என்ன நட்டம் என்று சிறு எடுத்துக்காட்டில் பார்க்கலாம். ட்ரோன், சோலார், நீர்த்தரம் என்று மூன்று தலைப்புகள். முதல் விருப்பம் கிடைத்தால் 0, இரண்டாவது 1, மூன்றாவது 3 புள்ளி.

குழு அ: ட்ரோன், நீர்த்தரம், சோலார்.
குழு ஆ: ட்ரோன், சோலார், நீர்த்தரம்.
குழு இ: சோலார், ட்ரோன், நீர்த்தரம்.

அ முதலில் வந்து ட்ரோனை எடுக்கிறது. ஆ சோலாரை எடுக்கிறது. இ-க்கு மிஞ்சுவது நீர்த்தரம், அதன் கடைசி விருப்பம். மொத்தம் 0 + 1 + 3 = 4. மாறாக அ-வுக்கு நீர்த்தரம், ஆ-வுக்கு ட்ரோன், இ-க்கு சோலார் கொடுத்தால் 1 + 0 + 0 = 1. யாருக்கும் கடைசி விருப்பம் விழவில்லை.

மூன்று குழுவுக்குக் கண்ணால் பார்த்தே சொல்லலாம். 16-க்கு ஹங்கேரியன் முறை வேண்டும். ஹரோல்ட் குன் 1955-இல் வெளியிட்டது. கோனிக், எகர்வாரி என்ற இரு ஹங்கேரியக் கணிதவியலாளர்களின் வேலையிலிருந்து பிறந்ததால் அந்தப் பெயர் வைத்தார். பைத்தானின் சைபை நூலகத்தில் லீனியர் சம் அசைன்மென்ட் என்ற சார்பு இதே கணக்கைத் தீர்த்துத் தரும். குழுக்கள் வரிசையாகவும் தலைப்புகள் நெடுவரிசையாகவும் உள்ள புள்ளி அட்டவணையைக் கொடுத்தால் போதும். தலைப்புகள் குழுக்களைவிட அதிகமாக இருந்தாலும் சிக்கலில்லை. எக்செலின் சால்வரில் (சிறந்த விடையைத் தேடித் தரும் கருவி) செய்ய முயல்பவர்கள் 16 குழு, 16 தலைப்பு என்றால் 256 மாறிகள் என்று தெரிந்துகொள்ளுங்கள்; எக்செலோடு வரும் சால்வர் 200-க்கு மேல் ஏற்காது. ஓப்பன்சால்வர் என்ற இலவச இணைப்புக்கு அந்த வரம்பு இல்லை.

புள்ளிகளை 0, 1, 2, 3, 4 என்று சமதூரத்தில் வைக்காதீர்கள். அப்படி வைத்தால் ஒருவருக்கு முதலாவது, இன்னொருவருக்கு ஐந்தாவது என்பதும், இருவருக்கும் மூன்றாவது என்பதும் 4 என்றே வரும். 0, 1, 4, 9, 16 என்று வைத்தால் முந்தையது 16, பிந்தையது 8. விருப்பப் பட்டியலிலேயே இல்லாத தலைப்புக்கு 50 போடுங்கள். ஐந்து தலைப்பு கேட்டால் ஐந்தையும் நிரப்புவதைக் கட்டாயமாக்குங்கள். ஒரே தலைப்பை மட்டும் எழுதிவிட்டு "எனக்கு வேறெதுவும் வேண்டாம்" என்று நிற்பவருக்குக் கணினி அதையே தூக்கிக் கொடுத்துவிடும்.

முதல் விருப்பங்களை எல்லாம் முதலில் நிரந்தரமாகக் கொடுத்துவிட்டு, பிறகு மிஞ்சியதில் இரண்டாம் விருப்பங்களைப் பார்ப்பது என்ற முறை கேட்க இயல்பாக இருக்கும். பாஸ்டன் நகரப் பள்ளிச் சேர்க்கையில் இதுதான் இருந்தது, 2005-இல் கைவிட்டார்கள். போட்டி மிகுந்த ஒன்றை உண்மையாக முதலில் எழுதித் தோற்றவர், தன் இரண்டாம் விருப்பத்தை வேறொருவர் முதலாவதாக எழுதி எடுத்துப்போயிருப்பதைக் காண்பார். ஆகவே பொய்யாக எழுதுவதே லாபம் என்றாகிவிடும். ஹங்கேரியன் முறையிலும் கணக்குப் போட்டுப் பொய் எழுத இடம் உண்டு, ஆனால் மற்றவர்களின் பட்டியல் தெரியாமல் அது கைகொடுப்பது அரிது. படிவம் மூடும்வரை யார் என்ன கேட்டார்கள் என்று காட்டாதீர்கள். பொய்க்கு இடமே கூடாது என்றால், குழுக்களைக் குலுக்கி வரிசைப்படுத்தி, ஒவ்வொரு குழுவும் தன் முறை வரும்போது மிச்சத்தில் பிடித்ததை எடுக்கட்டும். கவுன்சலிங்கில் ரேங்க் செய்யும் வேலையை இங்கே குலுக்கல் செய்கிறது.

கைடு ஒதுக்கும்போது நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே இரு பக்கமும் விருப்பம் உண்டு. 8 கைடுகள், தலா 2 குழு. டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் 1962-இல் எழுதிய முறை இதற்கானது. ஒவ்வொரு குழுவும் தன் முதல் கைடிடம் விண்ணப்பிக்கும். கைடு தனக்குப் பிடித்த இரண்டைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்புவார். திருப்பப்பட்ட குழு அடுத்த கைடிடம் போகும். அவர் ஏற்கெனவே வைத்திருப்பதைவிட இது பொருத்தமென்றால் பழையதைத் திருப்பிவிட்டு இதை வைத்துக்கொள்வார். திருப்பப்படுவோர் இல்லாதபோது எல்லாம் உறுதியாகும். தற்காலிகம் என்பதில்தான் உயிர்நாடி. கைடு முதல் நாளே "சரி, நீங்க என் பேட்ச்" என்று சொல்லிவிட்டால் முறை கெட்டது. கைடின் விருப்பம் தலைப்புத் துறையைப் பற்றியதாக இருக்க வேண்டும். குழு உறுப்பினரின் பெயரை அவருக்குக் காட்டாமலே வரிசைப்படுத்தச் சொல்லலாம்.

நண்பர்கள்

எல்லோருடைய நட்பையும் கணக்கில் எடுத்து யாரும் கட்சி மாற விரும்பாதபடி பிரித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். இருவர் இருவராகச் சேர்ப்பதற்கே சில நேரம் விடை கிடையாது. அ-வுக்கு ஆ-வைப் பிடிக்கும், ஆ-வுக்கு இ-யை, இ-க்கு அ-வை. ஈ-யை மூவருமே கடைசியில் வைத்திருக்கிறார்கள். அ-ஆ, இ-ஈ என்று சேர்த்தால், ஆ-வும் இ-யும் தங்கள் இணையை விட்டு ஒன்றுசேரவே விரும்புவார்கள். எப்படிச் சேர்த்தாலும் இதே கதைதான்.

நடைமுறையில் ஒன்று செய்யலாம். இருவரும் ஒருவரையொருவர் எழுதியிருந்தால் மட்டும் அந்தச் சோடியை ஒரே ஆளாகப் பாவித்து இடமாற்றத்தில் சேர்த்தே நகர்த்துங்கள். ஒரு குழுவில் ஒரு சோடிக்கு மேல் வேண்டாம். இரண்டு சோடி சேர்ந்தால் அது நால்வர் குழுவாக இராது, இரண்டு கட்சியாக இருக்கும். ஒருதலையாக எழுதிய பெயர்களை யாரிடமும் சொல்லாதீர்கள்.

வெளியிடும் முன்னும் பின்னும்

வெளியிடுவதற்கு முன் ஒரு சரிபார்ப்பு: ஹாஸ்டல் மாணவர், டே ஸ்காலர், லேட்டரல் என்ட்ரி, பெண்கள் என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவினரும் இருக்கும் குழுக்களின் சராசரித் தண்டனைப் புள்ளியையும், கிடைத்த தலைப்பு விருப்பத்தின் சராசரி இடத்தையும் எழுதுங்கள். ஒரு பிரிவினர் மட்டும் தொடர்ந்து பின்தங்கியிருந்தால் விதியில் ஓட்டை இருக்கிறது. வழக்கமான காரணம் நேரக் கட்டங்கள்: எல்லாக் கட்டமும் மாலை 5-க்குப் பின் என்று வைத்திருப்பீர்கள்.

அறிவிப்புப் பலகையில் விதிகள், எடைகள், தொடக்க எண்ணை எடுக்கும் வழி, படிவம் மூடும் நேரம் ஆகியவை படிவத்தோடேயே வந்திருக்க வேண்டும். முடிவு வெளியான பின் ஆட்சேபத்துக்கு 48 மணி நேரம். "எனக்கு இவங்களைப் பிடிக்கல" ஆட்சேபம் ஆகாது. தவறான தரவு, உடல்நிலை, பாதுகாப்பு ஆகியவை ஆகும். இருவர் ஒப்புக்கொண்டு இடம் மாறக் கேட்டால், மாறிய பின் இரு குழுவின் புள்ளியும் இப்போதுள்ள மிக மோசமான குழுவின் புள்ளியைத் தாண்டக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு அனுமதியுங்கள். ஹெச்ஓடியே சிபாரிசோடு வந்தாலும் இதே நிபந்தனைதான். எண் இருப்பதால் மறுப்பது சுலபம்.

பிறகு நடக்கக்கூடியவற்றுக்கும் இப்போதே எழுதி வையுங்கள். புதிதாக வருபவர் முதலில் மூவர் குழுவுக்கு. ஒருவர் விலகி நால்வர் மூவரானால் மாற்றமில்லை. மூவர் குழு இருவரானால், முதல் ரிவ்யூவுக்கு முன் என்றால் நால்வர் குழுவிலிருந்து விருப்பமுள்ள ஒருவர் மாறலாம். அதற்குப் பின் என்றால் ஆளை மாற்றாமல் தலைப்பின் அளவைக் குறைக்க வேண்டும்.

வேலை செய்யாதவரைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் ஒரு சீட்டு: ஒவ்வொருவரும் தன்னை விட்டு மற்றவர்களுக்கு மொத்தம் 100 புள்ளியைப் பங்கிட வேண்டும். மூவர் குழுவானாலும் நால்வர் குழுவானாலும் ஒருவர் பெறும் சராசரி 100-தான். 70-க்குக் கீழே போனவரை முதல் ரிவ்யூவிலேயே தனியே அழைத்துப் பேசுங்கள். மூவர் சேர்ந்து ஒருவரைக் கவிழ்க்கவும் இதே சீட்டைப் பயன்படுத்துவார்கள் என்பதால், மதிப்பெண்ணில் கைவைக்கும் முன் அவர் எழுதிய அறிக்கைப் பகுதியையும் லேப் பதிவேட்டையும் பாருங்கள்.